யோனா தோணி ஏறினார்

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இரண்டாம் பூசைக்குப் போனேன். பிரசங்கம் பதினாறு நிமிடம். எங்கள் பங்குத்தந்தை ததேயு சாமிக்கு அது குறைவு. முடிவில் ஓர் அறிவிப்பு செய்தார். செப்டம்பர் 14, பங்குத் திருவிழா மாலையில் ஒவ்வொரு அன்பியமும் வேதாகமக் கதை ஒன்றை நாடகமாகப் போட வேண்டுமாம். எங்கள் பங்கில் தெருவுக்கு ஓர் அன்பியம். வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடி செபம் சொல்வோம், காப்பி குடிப்போம், கலைவோம். நாடகம் எங்கள் வேலை அல்ல.

"இன்னைக்கு இருக்கிற ஜனங்களுக்குப் புரியணும், சிரிக்கணும். கோவில்ல சிரிச்சா பாவம்னு யாரும் எழுதி வைக்கல," என்றார் சாமி. முதல் வரிசையில் இருந்த நான் சிரிக்கவில்லை. சீட்டுப் போட்டு எடுத்ததில் எங்கள் தெருவுக்கு யோனா விழுந்தார்.

வேதத்தைக் கேலிக்கூத்தாக்குவதை நான் ஏற்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். எதிர்வீட்டு மெற்றில்டா எழுதப் போகிறாளாம். எழுதிய பிறகு பிழை பார்த்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

சீலா மீன் வாங்கவில்லை. கண் கலங்கியிருந்தது, மீனுக்கு.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மெற்றில்டா வீட்டில் கூட்டம். ஒன்பது பேர் வந்தார்கள். அவள் எழுதி வைத்திருந்ததை வாசித்தாள். கடவுள் யோனாவுக்கு மிஸ்டு கால் கொடுக்கிறார். யோனா திருப்பிக் கூப்பிடுவதில்லை. அவ்வளவுதான் முதல் காட்சி.

"கடவுள் மிஸ்டு கால் கொடுக்க மாட்டார், மெற்றில்டா. எடுக்கும்வரை அடிப்பார்," என்றேன்.

"அப்படின்னா நீங்களே எழுதுங்க மதினி. முப்பது வருசம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்திய. கடவுளுக்கு லைன் போட்டுக் குடுக்க உங்களை விட்டா யாரு இருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய கணவர் ரொசாரியோதான் யோனாவாம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொண்ணூற்றாறு கிலோ.

"என்னைய முழுங்குத மீனுக்குத்தான் கஷ்டம்," என்றார்.

நோட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். வேறு வழியில்லை. அவள் எழுத்தில் வாக்கியம் எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

யோனாவின் நான்கு அதிகாரங்களையும் மூன்று முறை வாசித்தேன். சிறிய புத்தகம். ஒரு மனிதரைக் கடவுள் நினிவே நகரத்துக்குப் போகச் சொல்கிறார். அவர் எதிர்த்திசையில் கப்பல் ஏறுகிறார். புயல், மீன், மூன்று நாள். பிறகு நினிவேக்குப் போகிறார். அங்கே எல்லாரும் மனம் திருந்துகிறார்கள், கடவுள் மன்னித்துவிடுகிறார். இதில் கோபப்படுகிற ஒரே ஆள் யோனாதான். பள்ளியில் மதர் யூலாலி இதைச் சொல்லிக்கொடுத்தபோது மீனோடு நிறுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன். கோபம் எனக்கு நினைவில்லை.

ஒரு வேதாகமக் காட்சியை நம் ஊருக்குக் கொண்டுவருவது அவ்வளவு பெரிய குற்றமில்லை என்று படுகிறது. யோனா கப்பல் ஏறிய யாப்பாவும் துறைமுகம், தூத்துக்குடியும் துறைமுகம். இரண்டாம் காட்சியை இப்படி எழுதினேன். தண்டல் என்பவர் தோணியின் தலைவர்:

தண்டல்: இது மாலத்தீவு போற தோணி. வெங்காயமும் ஜல்லியும் ஏத்திருக்கோம். ஆள் ஏத்துறதில்ல.
யோனா: என்னையும் ஒரு மூட்டை வெங்காயமா நினைச்சுக்கிடுங்க.
தண்டல்: உமக்கு எங்கதான்யா போகணும்?
யோனா: நினிவே எந்தப் பக்கமோ, அதுக்கு எதிர்ப்பக்கம்.

சாயங்காலம் மெற்றில்டாவுக்கு வாசித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மதினி, உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளு இருக்கிறது இஞ்ஞாசி அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்துச்சா?" என்றாள்.

தெரிந்திருந்தது. என் கணவர் நான் சொல்வதற்கெல்லாம் சிரிப்பார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பூசை முடிவில் உபதேசியார் கல்யாண ஓலை வாசித்தார். கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறுகளில் மாப்பிள்ளை பங்கிலும் பெண் பங்கிலும் பெயர்களை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும். இன்று ஒரே ஓலை. மாப்பிள்ளை எங்கள் பங்கு. பெண், ஆற்றோரத்துப் பழைய பங்கைச் சேர்ந்த கஸ்பார் ராயன் அவர்களின் மகள் அனன்சியா. முதல் முறை வாசிப்பு.

கஸ்பார் என் தம்பி. அனன்சியா என் ஞானமகள்.

பதினொரு வருடம் எட்டு மாதத்துக்கு முன், கிறிஸ்மஸ் மறுநாள் மாலையில், என் தம்பி குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டினான். பின்னால் என் கணவர் உட்கார்ந்திருந்தார். உப்பு லாரி. என் கணவர் அங்கேயே இறந்தார். தம்பிக்கு ஒரு கால் நீளம் குறைந்தது. இரண்டு வருடம் சிறையில் இருந்தான். வெளியே வந்தபின் குடிப்பதில்லை என்கிறார்கள். அவன் பங்கில் கல்லறைக் குழி வெட்ட முதல் ஆளாக நிற்கிறானாம். உறவினர் அத்தனை பேரும் அவனை மன்னித்துவிட்டார்கள். அது அவர்கள் விருப்பம். இறந்தது அவர்கள் கணவர் அல்ல.

என் கணவரின் வருடப் பூசைக்கு ஒவ்வொரு வருடமும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறான் என்று மெற்றில்டா சொல்வாள். நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அரிசியில் வண்டு. சலித்துக் காயவைத்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

காலை பத்தரைக்கு ததேயு சாமி வந்தார். முன்னறிவிப்பு இல்லை. நல்ல வேளையாக வீடு பெருக்கியிருந்தது.

விஷயம் இதுதான். அனன்சியாவின் ஞானஸ்நானப் பதிவேடு போன டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. பழைய பங்கில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது; தொண்ணூறுகளின் ஏடுகள் கூழாகிவிட்டன. அவள் ஞானஸ்நானம் பெற்றாள் என்பதற்குச் சான்று இல்லாமல் கோவிலில் கல்யாணம் நடக்காது. ஏடு இல்லாவிட்டால், கண்ணால் பார்த்த ஒருவர் வேதாகமத்தின் மேல் கை வைத்து எழுதித் தரலாம்.

"உங்க தம்பியைக் கேட்டேன். அவர் அப்ப கப்பல்ல இருந்தாராம், சிங்கப்பூர்ல. மனைவி இப்ப உயிரோட இல்ல," என்றார் சாமி.

"இருந்திருந்தாலும் பிரயோசனமில்லை. பிள்ளை பெற்ற எட்டாம் நாள். அந்தக் காலத்தில் தாய் கோவிலுக்கு வருவதில்லை. ஞானப்பெற்றோர்தான் தூக்கிக்கொண்டு போவோம்," என்றேன்.

"ஞானத்தந்தை?"

"என் கணவர்."

"தண்ணி ஊத்தின சாமியார்?"

"இறந்துவிட்டார். அப்போதைய உபதேசியாரும் இறந்துவிட்டார்."

சாமி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப இந்த உலகத்துல நீங்க ஒரே ஆள்தான்மா."

எழுதித் தர முடியாது என்று நான் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் 'முன்பு பெறாதிருந்தால்' என்று சொல்லி ஊற்றும் சந்தேக ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு மேலிடத்துக்கு எழுத வேண்டும், கல்யாணத் தேதி தள்ளிப் போகும் என்றார். மாப்பிள்ளையின் அம்மா இப்போதே ஒரு மாதிரியாகப் பேசுகிறார்களாம். கல்யாணம் செப்டம்பர் 18. மூன்றாம் ஓலை வாசிக்கும் 15-ஆம் தேதிக்குள் என் கையெழுத்து வேண்டும்.

"நாடகம் எப்படிப் போகுது?" என்று வாசலில் கேட்டார்.

"நன்றாகப் போகிறது. யோனா இப்போதுதான் தோணி ஏறியிருக்கிறார்."

செப்டம்பர் 3, செவ்வாய்

மீன் செய்கிறார்கள். இரண்டு மூங்கில் வளையம், அதன் மேல் தார்ப்பாய். தார்ப்பாயை மீன் ஏலக் கூடத்திலிருந்து வாங்கி வந்ததால் மீனுக்கு மீன் வாடை இயற்கையாகவே இருக்கிறது. வயிற்றுப் பகுதிக்கு விறைப்பாக ஒரு கோரைப்பாய் வேண்டும் என்று மெற்றில்டா வந்தாள். என் பரணில் ஒன்று சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"அதைத் தர முடியாது."

"யாரும் படுக்காத பாய்தானே மதினி. பதினோரு வருசமா அங்கேயே கிடக்கு."

"தர முடியாது என்றேன்."

போய்விட்டாள். கடையில் புதுப் பாய் வாங்கிக்கொள்ளட்டும். பரணை ஒருமுறை தூசி தட்டினேன்.

செப்டம்பர் 4, புதன்

அனன்சியா வந்தாள். தனியாக, தன் ஸ்கூட்டரில். உயரமாகிவிட்டாள். பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினாள். அத்தை முறைக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு வேலை உண்டு: மணப்பெண்ணின் தலையில் வெள்ளை முக்காட்டை அப்பாவின் அக்கா தங்கைதான் போடுவார்கள். கஸ்பாருக்கு நான் மட்டும்தான்.

"சாமி சொன்னாங்களா அத்தை?"

"சொன்னார்."

"நான் கையெழுத்துக்காக மட்டும் வரல. அது வேணும்தான். ஆனா கேட்டு வாங்குறது எனக்குப் பிடிக்கல."

"யாருக்கும்தான் பிடிக்காது."

"அப்பா வர்றேன்னாங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். தெருமுனையில நிக்காங்க."

நான் எழுந்து வாசல் பக்கம் போகவில்லை. அவளுக்கு லட்டும் முறுக்கும் வைத்தேன். சிறுவயதில் லட்டில் இருக்கும் முந்திரியை மட்டும் எடுத்துத் தின்பாள். இன்றும் அப்படியே செய்தாள்.

"அப்பா அன்னைக்கு ஏன் ராத்திரி இங்கேயே தங்கலன்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். பதில் சொல்லவே மாட்டாங்க," என்றாள்.

"ராத்திரி இல்லை. ஏழு மணிதான்," என்றேன்.

அவள் போனபின் வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்ச்சை பாக்கியிருப்பது நினைவுக்கு வந்தது. மாதா திருவிழா 8-ஆம் தேதி முடிகிறது. நாளைக்கே போய்விட்டு, தோதுப்பட்டால் ஒரு வாரம் பத்து நாள் தங்கி வரலாம். நாடகத்துக்கு என் எழுத்து போதும், நான் தேவையில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

காலை ஆறு மணி பஸ். ஜன்னலோர இருக்கை. எலுமிச்சம் சாதம், இரண்டு பாட்டில் தண்ணீர், செபமாலை.

செப்டம்பர் 6, வெள்ளி

வீட்டில்தான் இருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சாயல்குடி தாண்டி பஸ் நின்றுவிட்டது. எஞ்சினிலிருந்து புகை. டிரைவர் இறங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வானம் கறுத்தது. அந்தப் பக்கத்தில் செப்டம்பரில் அப்படி ஒரு மழையை நான் கண்டதில்லை. காற்றில் பஸ் ஆடியது. ஜன்னல் கண்ணாடி இரண்டு மூடவில்லை. உள்ளே ஐம்பது யாத்திரிகர்கள் ஆளுக்கொரு பாட்டுப் பாடினார்கள். நான் சேலைத் தலைப்பை மூடிக்கொண்டு கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன்.

கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பினார். "என்னம்மா, எல்லாரும் பயந்து சாகுறாங்க, நீங்க தூங்குறீங்க. எழுந்து சாமியைக் கும்பிடுங்க." பிறகு பொதுவாகப் பார்த்து, "இந்த வண்டில எந்தப் புண்ணியவான் ஏறினாரோ தெரியல," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து மாற்று பஸ் வந்தது. அதே சமயம் எதிர்ப்பக்கம் தூத்துக்குடி பஸ் ஒன்றும் வந்து நின்றது. எனக்குத் தலை சுற்றலாக இருந்தது. அதில் ஏறினேன். வேறு காரணம் இல்லை.

சேறு படிந்த செருப்போடு இறங்கும்போது மெற்றில்டா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன மதினி, மீன் கக்கிட்டா?"

உள்ளே போனேன். குளித்துவிட்டு உட்கார்ந்து, நானே எழுதிய இரண்டாம் காட்சியை மறுபடி வாசித்தேன். அதில் பிழை எதுவும் இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

இரண்டாம் ஓலை.

பூசைக்குப் பின் ததேயு சாமியிடம் நாடகப் பிரதியைக் கொடுத்தேன். கடவுளின் குரலை அவர்தான் மைக்கில் பேசுகிறார். நின்றபடியே வாசித்து இரண்டு இடத்தில் சத்தமாகச் சிரித்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"முடிவு எங்கம்மா?"

"அதுதான் முடிவு. நினிவே மன்னிக்கப்பட்டதைப் பொறுக்காமல் யோனா ஊருக்கு வெளியே போய் உட்காருகிறார். கடவுள் ஒரு செடியை நிழலுக்கு முளைக்க வைத்து, மறுநாள் புழுவை விட்டு அரிக்க விடுகிறார். செடிக்காக யோனா அழுகிறார். ஒரு செடிக்காக நீ இவ்வளவு வருந்துகிறாய், வலது கை எது இடது கை எது என்று தெரியாத இத்தனை ஜனங்களுக்காக நான் வருந்தக் கூடாதா என்று கடவுள் கேட்கிறார். அதோடு முடிகிறது."

"யோனா என்ன பதில் சொன்னார்?"

"எழுதவில்லை. எழுதாததை நான் சேர்க்க மாட்டேன்."

"ஜனங்க கேப்பாங்களே."

"கேட்கட்டும். கோபப்பட யோனாவுக்கு நியாயம் இருந்தது சாமி. நினிவேக்காரர்கள் செய்த அக்கிரமம் பொய்யில்லை."

"நான் பொய்னு சொல்லலையே," என்றார். பிறகு, "பதினஞ்சாம் தேதி, அம்மா," என்றார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஒத்திகை. ரொசாரியோவுக்கு வசனம் நிற்கவில்லை. கிரேனில் நாற்பது வருடம் தனியாக உட்கார்ந்திருந்தவருக்குப் பேச்சே பழக்கமில்லை என்கிறாள் மெற்றில்டா. வீட்டில் அவள் பேச விடுவதில்லை என்பது என் எண்ணம். மேடை ஓரத்தில் திரைக்குப் பின்னால் நான் பிரதியோடு உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பதாக முடிவு.

செப்டம்பர் 12, வியாழன்

பல் வலி. கிராம்பு வைத்தேன். எழுத வேறெதுவும் இல்லை.

செப்டம்பர் 14, சனி

நாடகம் நடந்தது. எழுநூறு பேர் இருந்திருப்பார்கள்.

தோணிக் காட்சிக்கு எழுந்த சிரிப்பு இரண்டு நிமிடம் அடங்கவில்லை. "நினிவே எந்தப் பக்கமோ, அதுக்கு எதிர்ப்பக்கம்" என்று ரொசாரியோ சொன்னதும் துறைமுகத்து ஆட்கள் விசிலடித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்தது புயல். நீலச் சேலைகளை ஆட்டி அலை. எந்தப் பாவியால் இந்தப் புயல் என்று தோணிக்காரர்கள் சீட்டுப் போட, சீட்டு யோனா பெயரில் விழுகிறது. எல்லாரும் அவரைப் பார்க்கிறார்கள். ரொசாரியோ வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

நான் மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். டிரம் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பிக் கையை விரித்தார். மெற்றில்டா பாட்டுக்காரர்களின் மைக்கைப் பிடுங்கி என் கையில் திணித்தாள். டிரம் அடிப்பவர் அந்த நேரத்தில் நிறுத்திவிட்டார்.

"என்னாலதான் இந்தப் புயல் வந்தது" என்று நான் சொன்னது கோவில் வளாகம் முழுக்கக் கேட்டது.

திரையில் ஒரு கிழிசல் உண்டு. அதன் வழியே கடைசி வரிசை தெரிந்தது. கஸ்பார் தூணோரம் நின்றிருந்தான், நீளம் குறைந்த காலைச் சற்றுத் தூக்கி வைத்தபடி. தலை முழுக்க நரைத்துவிட்டது.

"என்னைத் தூக்கிக் கடல்ல போடுங்க" என்ற அடுத்த வரியையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பிறகு ரொசாரியோ சுதாரித்துக்கொண்டு தாமாகவே கடலில் குதித்தார். மேடைப் பலகை ஒன்று உடைந்தது.

நினிவேயில் ஆடுமாடுகளுக்கும் சாக்கு உடுத்தி நோன்பு இருக்கச் சொல்கிறான் ராஜா. அதற்காக மெற்றில்டாவின் ஆட்டுக்குச் சாக்கு கட்டி மேடையில் நிறுத்தியிருந்தோம். யோனாவுக்கு நிழல் தரும் ஆமணக்குச் செடியை ரயில் பாதை ஓரத்திலிருந்து வெட்டி வரச் சொல்லியிருந்தேன். மெற்றில்டா சோம்பல்பட்டு வீட்டு முருங்கைக் கிளையை நட்டுவிட்டாள். புழு வருவதற்கு முன்பே நோன்பிருந்த ஆடு போய்ச் செடியை முழுவதும் தின்றுவிட்டது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ரொசாரியோ உண்மையாகவே கோபப்பட்டு, "ஏ, அது என் செடி," என்று ஆட்டைத் துரத்தினார். நான் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது.

அப்புறம் சாமியின் குரல் மைக்கில் வந்தது. அந்தக் கேள்வி. விளக்கை அணைத்தார்கள்.

யாரும் கைதட்டவில்லை. முடிந்துவிட்டது என்று தெரியவில்லை. இருட்டில் ஓர் ஆள் கேட்டார், "யோனா என்னதான் சொன்னாரு?"

செப்டம்பர் 15, ஞாயிறு

மதர் யூலாலி எங்களுக்குப் பழக்கிய வழக்கம் இந்தக் குறிப்பேடு. தினமும் ஆத்தும சோதனை செய்து எழுத வேண்டும். குற்றம் முதலில். சாக்கு கூடாது. அறுபது வருடமாக அதை ஒழுங்காகச் செய்து வருகிறேன் என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 26, 2012. மாலை ஆறரைக்கு கஸ்பார் குடித்துவிட்டு என் வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்கார முடியாமல் சரிந்தான். என் கணவர் பரணிலிருந்து கோரைப்பாயை இறக்கி ஹாலில் விரித்தார். "இன்னிக்கு ஒருநாள் இங்கன படுக்கட்டும், பெர்னதெத். காலைல போவான்," என்றார். குடித்தவன் என் வீட்டில் படுக்கக் கூடாது என்றேன். மறுநாள் காலை என் வீட்டில் அன்பியக் கூட்டம் இருந்தது. பாயை நானே சுருட்டினேன். என் கணவர் எதிர்த்துப் பேசுகிறவர் அல்ல. அவருக்குக் கண்புரை, வண்டி ஓட்டுவதை விட்டிருந்தார். "சரி, நான் பின்னால உக்காந்து பிடிச்சிட்டுப் போறேன்," என்றார். கதவைச் சாத்தியது நான்.

வண்டியை ஓட்டியது கஸ்பார். அதில் மாற்றமில்லை. மேலே எழுதியது அதோடு சேர்ந்தது.

மூன்றாம் ஓலை வாசித்தபின் சாமியின் அறைக்குப் போனேன். வேதாகமத்தின் மேல் வலது கையை வைத்தேன். 1998 பிப்ரவரி 15 அன்று, எட்டு நாள் பிள்ளையை என் கையில் ஏந்தியிருந்தேன், சாமியார் மூன்று முறை தண்ணீர் ஊற்றியதைக் கண்ணால் கண்டேன், வார்த்தைகளைக் காதால் கேட்டேன், பிள்ளை அழவில்லை, என் கணவர் இஞ்ஞாசி மச்சாடோ மெழுகுதிரி பிடித்திருந்தார் என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சாமி மை உலர ஊதினார். "பிள்ளை அழலைங்கறது தேவையில்லை," என்றார்.

"அது உண்மை," என்றேன்.

செப்டம்பர் 16, திங்கள்

ஆட்டோவில் கஸ்பார் வீட்டுக்குப் போனேன். வெள்ளத் தண்ணீர் நின்ற கோடு சுவரில் இன்னும் இருக்கிறது. வெள்ளை அடித்தும் தெரிகிறது. அவன் வாசலில் உட்கார்ந்து பந்தல்காரனுக்குக் கயிறு பிரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழ முயன்றான், கால் ஒத்துழைக்கவில்லை.

"இரு, இரு," என்றேன்.

"யக்கா."

நான் நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன். பாயை விரித்தது, சுருட்டியது, கதவு. அவன் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியும்க்கா," என்றான். "நான் குடிச்சிருந்தேன். செவிடா இல்லயே."

"கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை?"

"அவுங்க கேக்கல. வண்டிய ஓட்டினது யாருன்னு கேட்டாங்க. நான்னு சொன்னேன்."

"அனன்சியாவிடமாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா? அத்தானைக் கொன்னதுல பாதி உன் கணக்குன்னு பங்கு பிரிக்கவா?" கயிற்றில் ஒரு முடிச்சை அவிழ்த்தான். "நீ சொல்லுவன்னு இருந்தேன்க்கா. இல்ல, சொல்லாமலே போயிருவன்னும் இருந்தேன். சனிக்கிழமை மைக்குல உன் சத்தம் கேட்டதும் கயித்தப் பிடிச்ச மாதிரி தூணைப் பிடிச்சிட்டேன்."

"அது யோனாவின் வசனம்."

"சரிக்கா."

அனன்சியா உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்தாள். சர்க்கரை அதிகம். குடித்தேன்.

செப்டம்பர் 18, புதன்

காலை பத்து மணிக்கு எங்கள் கோவிலில் கல்யாணம். முக்காட்டை நான் போட்டேன். ஊசி குத்தும்போது இடது பக்கம் அரை அங்குலம் இறங்கிவிட்டது. "சரியா இருக்கு அத்தை, விடுங்க," என்றாள் அனன்சியா. விட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்து, "அந்த யோனா நாடகம் நீங்க எழுதினதா? சிரிச்சு வயிறு வலிச்சுது. அவரு கடைசியில என்ன சொன்னாருன்னு எழுதாம விட்டுட்டீங்களே," என்றார். வேதத்தில் இல்லை என்றேன்.

பிரியாணியில் உப்புக் கம்மி. பெண்ணும் மாப்பிள்ளையும் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியபின்னும் கஸ்பார் வெறும் மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவன் வீட்டில் இனி யாருமில்லை. மண்டபத்திலிருந்து என் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். வா என்றேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றான். நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பாயை இறக்கி, இரண்டு பக்கமும் ஈரத்துணியால் துடைத்து, ஹாலில் மின்விசிறிக்குக் கீழே விரித்தேன். ஒரு ஓரம் மட்டும் எலி கடித்திருக்கிறது.

இப்போது பிற்பகல் மூன்றரை. கஸ்பார் தூங்குகிறான். குறட்டை சமையலறை வரை கேட்கிறது. மெற்றில்டா எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பார்க்கட்டும். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.